கடல் கடந்த காசுக்கு வட்டம்

இந்திய வங்கி ஒன்றின் கிரெடிட் கார்டைப் பாரிஸ் நகரக் கடையில் தேய்த்து, ஒரு லட்சம் ரூபாய் பெறுமானத்துக்குப் பொருள் வாங்கினால் என்ன நடக்கும்? யூரோவில் போட்ட பில்லைக் கார்டு நிறுவனம் அன்றைய விலைக்கு ரூபாயாக மாற்றும். மாற்றிய தொகையின் மேல் வங்கி ‘மார்க்கப்’ என்ற பெயரில் ஒரு பங்கு சேர்க்கும். பெரும்பாலான இந்தியக் கார்டுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு 3.5 சதவீதம், அதாவது 3,500 ரூபாய். அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 630 ரூபாய். ஆக மொத்தம் கூடுதலாக 4,130 ரூபாய். சில வங்கிகள் இதை ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாகக் காட்டும். சில வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் பொருளின் விலையோடு கலந்தே வரும். கால்குலேட்டரை எடுத்து உட்காராதவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இந்தக் கட்டணத்துக்குக் கார்டைவிட வயது அதிகம். தமிழில் இதற்கு ஒரு பெயரே இருந்தது: வட்டம். ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொரு நாணயத்தை வாங்கும்போது மாற்றுபவர் பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு அந்தப் பெயர். ‘வட்டம் கட்டுவது’, ‘வட்டம் பிடிப்பது’ என்பதெல்லாம் கடைத்தெருவில் புழங்கிய பேச்சு. வட இந்தியாவில் இதே சொல் ‘பட்டா’ என்று ஒலித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலக் கணக்கு ஏடுகளிலும் அந்த வடிவமே ஏறியது. லாரி ஓட்டுநருக்குக் கொடுக்கும் ‘பேட்டா’வும் ஒலியில் இதை ஒத்திருக்கும். ஆனால் அது படிக்காசைக் குறிக்கும் வேறொரு சொல்.

வட்டம் பிடிப்பதற்கு அந்த நாளில் காரணம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது கம்பெனிக் கணக்கு. வராகன் பொன், பணம் வெள்ளி, காசு செம்பு. அதன் பக்கத்திலேயே ஆற்காட்டு ரூபாய் தனியாக ஓடிக்கொண்டிருந்தது; ஒரு வராகனுக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய். பொன்னுக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை விகிதம் ஓரிடத்தில் நிற்காது. தேய்ந்த நாணயம், ஓரம் சுரண்டிய நாணயம், வேற்றூர் அக்கசாலையில் அடித்த நாணயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. சராப்பு எனப்பட்ட காசுக்கடைக்காரர் நாணயத்தைச் சுண்டி ஒலி கேட்பார், உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் போடுவார், பிறகுதான் விலை சொல்வார். அவர் வாங்கிய வட்டத்துக்குள் அந்த உழைப்பும், ஏமாந்து போனால் வரும் நஷ்டமும் அடங்கியிருந்தன. 1818இல் சென்னை மாகாணத்தின் முதன்மை நாணயமாக ரூபாய் வந்தது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டமானது. உள்நாட்டுப் பயணிக்கு ஊருக்கு ஊர் வட்டம் கட்டும் தொல்லை அதோடு படிப்படியாக ஓய்ந்தது. கடல் தாண்டுபவருக்கு ஓயவில்லை.

கடல் தாண்டிய தமிழருக்குக் கைகொடுத்தது உண்டியல். நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வட்டிக்கடைகளை நடத்தினார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்பட்ட கூடங்களில் ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைக்காரர்கள் தரையில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள். ஓர் ஊர்க் கடையில் பணத்தைக் கட்டிவிட்டு ஓலையோ தாளோ வாங்கிக்கொண்டு போனால், மறுகரையில் உள்ள கடையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். காட்டிய உடனே பணம் தர வேண்டியது தரிசன உண்டி. சொன்ன நாள் கழித்துத் தருவது தவணை உண்டி. பொன்னையும் வெள்ளியையும் மடியில் கட்டிக்கொண்டு கப்பலேற வேண்டியதில்லை. இன்றைக்குக் கார்டு செய்யும் வேலையின் சாரம் இதுவேதான்: இங்கே வரவு வைத்து அங்கே பற்று எழுதுவது.

உண்டியலில் வட்டம் எங்கே விழுந்தது என்பதைப் பார்த்தால் பிற்காலக் கார்டின் கதை எளிதில் புரியும். அந்த நாளில் பர்மாவிலும் இலங்கையிலும் ரூபாயே புழங்கியது. ரங்கூனுக்கோ கொழும்புக்கோ உண்டியல் எடுத்தவருக்கு நாணயமாற்று கிடையாது. கடைக்காரருக்குரிய கூலியும் இடைப்பட்ட நாளின் வட்டியும்தான். மலேயாவில் டாலர். 1906இல் பிரிட்டிஷ் அரசு அந்த டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்னி என்று கட்டியது. ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்னியில் இருந்தது. இரண்டையும் பென்னியாக்கினால் 28க்கு 16. நூறு டாலருக்கு 175 ரூபாய். கணக்குப்படி விலை இது. ஊருக்குப் பணம் அனுப்புவோர் கூட்டம் ஒரு பக்கமும், ஊரிலிருந்து சரக்குக்குப் பணம் வேண்டுவோர் மறுபக்கமும் இழுக்க, கடையில் சொல்லும் விலை அந்த 175ஐச் சுற்றி ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வியாபாரியின் லாபம் இருந்தது. பணம் கட்டியவர் ‘இன்ன விலை’ என்று கேட்டுக்கொண்டு போவார். அதில் கூலி எவ்வளவு, சந்தை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை.

ஐரோப்பாவில் உலாப் போன செல்வந்தர்களின் கையில் இருந்தது கடன் கடிதம். ஊரில் உள்ள வங்கிக்காரர் தமக்குத் தொடர்புள்ள வெளியூர் வங்கிகளின் பெயர்களை அடுக்கி, ‘இவருக்கு இவ்வளவு வரை கொடுக்கலாம்’ என்று எழுதித் தருவார். போகும் இடத்தில் எடுத்த தொகையை அந்தக் கடிதத்தின் பின்புறமே குறித்துக் கொடுப்பார்கள். பட்டியலில் இல்லாத ஊரில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இந்தக் குறையை நீக்க லண்டன் வங்கியாளர் ராபர்ட் ஹெரீஸ் 1772இல் அச்சடித்த சுற்றுச்சீட்டுகளை விற்றார். ஐரோப்பாவின் 90 நகரங்களில் அவை செல்லுபடியாயின. நூறு ஆண்டு கழித்து, 1874இல், சுற்றுலா ஏற்பாட்டாளர் தாமஸ் குக் தன் வாடிக்கையாளர்களுக்கு அதே வகைச் சீட்டுகளைக் கொடுக்கத் தொடங்கினார். 1881இல் அந்த நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே. சி. ஃபார்கோ 1890 வாக்கில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். கையில் கடன் கடிதம் இருந்தும் பெருநகரங்களை விட்டு வெளியே போனால் பணம் எடுக்க முடியவில்லை. தன்னைப் போன்றவருக்கே இந்த நிலை என்றால் சாதாரணப் பயணி என்ன செய்வார் என்ற எரிச்சலோடு ஊர் திரும்பினார். அவருடைய ஊழியர் மார்சலஸ் பெர்ரி 1891இல் பயணிகள் காசோலையை உருவாக்கினார். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளரின் கண்ணெதிரே இரண்டாவது கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் பணம். முதல் காசோலை அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாற்றப்பட்டது. தொலைந்தால் ஈடு உண்டு என்ற உறுதிமொழியும் சேர்ந்ததால் பயணிகள் இதை நம்பினார்கள்.

அந்தப் பழைய காசோலையின் முகப்பை உற்றுப் பார்க்க வேண்டும். டாலர் தொகைக்குக் கீழே, இங்கிலாந்தில் இத்தனை பவுண்டு, பிரான்சில் இத்தனை பிராங்க், ஜெர்மனியில் இத்தனை மார்க் என்று அச்சிலேயே போட்டிருந்தார்கள். எல்லா நாணயமும் தங்கத்தின் எடையோடு கட்டப்பட்டிருந்ததால் அப்படி அச்சடிக்க முடிந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த இடத்தில் கைக்கு என்ன வரும் என்பது சல்லிக்காசு வரை தெரியும். பயணி தரும் கட்டணம் விற்பனையின்போது வாங்கும் 1 சதவீதத்தை ஒட்டிய கமிஷன். அது கண்முன் கொடுக்கும் காசு. நிறுவனத்தின் பெரிய வருமானம் வேறிடத்தில் இருந்தது. காசோலை விற்ற நாளுக்கும் அது மாற்றப்பட்டுத் திரும்பி வரும் நாளுக்கும் இடையே பயணியின் பணம் நிறுவனத்திடம் வட்டியில்லாமல் கிடந்தது. கடல் தாண்டும் பணத்தின் விலை இவ்வளவு பளிச்சென்று தெரிந்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வெகுநாள் இல்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அந்தக் காலம் முடிந்தது. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் கையில் தாளை வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்றார்கள். அமெரிக்க அரசு டென்னஸி என்ற போர்க்கப்பலில் தங்கத்தை ஏற்றி அனுப்பியது. போருக்குப் பின் நாணயங்கள் தங்கத்தை விட்டு விலகின. காசோலை முகப்பில் இருந்த அந்த அச்சு வரிகளுக்கும் பொருள் இல்லாமல் போயிற்று.

கார்டு பிறந்தது மறுபடியும் ஒரு நிலையான காலத்தில். 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் ஒவ்வொரு நாணயமும் டாலரோடு கட்டப்பட்டது. 1949 முதல் 1967 வரை ஒரு பவுண்டு 2.80 டாலர். 1950இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாராவும் ரால்ஃப் ஷ்னைடரும் டைனர்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். சாப்பிட்டவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம்; உணவக முதலாளி பில் தொகையில் 7 சதவீதத்தைக் கிளப்புக்கு விட்டுக்கொடுத்தார். 1953இல் பிரிட்டன், கனடா, கியூபா, மெக்சிகோ நாட்டுக் கடைகளும் அந்தக் கார்டை ஏற்றன. 1958இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 பேருக்குக் கேட்காமலே கார்டு அனுப்பியது. 1966இல் பிரிட்டனில் பார்க்ளேகார்டு வந்தது. மாற்று விலை ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றதால் வெளிநாட்டு பில்லைச் சொந்த நாணயமாக்குவது வெறும் பெருக்கல் கணக்கு.

அந்தக் காலத்தில் பயணிகளைத் தடுத்தது கட்டணத்தைக் காட்டிலும் அரசின் உச்சவரம்பு. பிரிட்டனில் 1966 இலையுதிர் காலத்திலிருந்து 1970 தொடக்கம் வரை விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர் 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோக முடியாது. எடுத்த தொகை கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் குறிக்கப்பட்டது. அங்கே நாணயக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது 1979இல். இந்தியாவில் அது இன்னும் இறுக்கமாகவும் இன்னும் நீண்ட காலமும் இருந்தது.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை அவிழ்த்தார். 1973இல் பெரிய நாணயங்கள் எல்லாம் மிதக்கத் தொடங்கின. கார்டுத் தொழிலுக்கு இது புதிய கவலையைக் கொண்டுவந்தது. அந்நாளில் ரோம் நகரக் கடைக்காரர் கார்டை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் தாள் செருகிய சீட்டை வைத்து, உருளையை ‘சரக்’ என்று இழுப்பார். கார்டின் மேடெழுத்துகள் சீட்டில் பதியும். ஒரு படி வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. வங்கிக்குரிய சீட்டு தபாலில் போய், அங்கிருந்து கடல் தாண்டி, கார்டு கொடுத்த வங்கியைச் சேரப் பல நாள் ஆகும். வாங்கிய நாளில் ஒரு விலை, கணக்கில் ஏறும் நாளில் வேறு விலை. இடையில் நாணயம் சரிந்தால் இழப்பை யாராவது சுமக்க வேண்டும். டீ ஹாக் என்ற அமெரிக்க வங்கியாளரின் தலைமையில் வளர்ந்து 1976இல் விசா என்று பெயர் பெற்ற அமைப்பும், 1979இல் மாஸ்டர்கார்டு என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பும் உலகெங்கும் உள்ள வங்கிகளுக்கிடையே இந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டன. நாணயமாற்றுக்கு 1 சதவீதம் என்பது நடைமுறையாயிற்று.

அந்த 1 சதவீதம் தனி வரியாக வரவில்லை. மாற்று விலைக்குள்ளேயே வைக்கப்பட்டது. மொத்தச் சந்தையில் ஒரு பவுண்டு 1.60 டாலர் என்றால் கார்டுதாரரின் ஸ்டேட்மென்ட்டில் 1.616 என்ற கணக்கில் ஏறும். மாற்று விலை நாளுக்கு நாள் அசைவதால் அந்தச் சிறு வித்தியாசத்தை யாரும் சந்தேகிக்கக் காரணமில்லை. 1980களிலும் 90களிலும் எல்லாம் கணினிமயமாகி, பல நாள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடியத் தொடங்கியது. நிறுவனங்கள் தம்மிடம் வரும் கோடிக்கணக்கான பில்களை நாணயவாரியாகக் கூட்டிக் கழித்து, மிச்சத்தை மட்டும் மொத்தச் சந்தையில் வாங்கின. செலவும் ஆபத்தும் குறைந்துகொண்டே வந்தன. கட்டணம் குறையவில்லை. மாறாக 1990களின் பிற்பாதியில் அமெரிக்க வங்கிகள் பல, அந்த 1 சதவீதத்தின் மேல் தம் பங்காக இன்னும் 2 சதவீதத்தை ஏற்றின. இன்று உலகெங்கும் பயணிகளுக்குப் பழகிப்போன ‘3 சதவீதம்’ இப்படித்தான் பிறந்தது.

சராப்பின் காலத்தில் ‘எதற்கு’ என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்த வட்டம் இந்த இடத்தில் பதில் சொல்ல முடியாததாக மாறியது. கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிற்று. கலிபோர்னியாவில் அலமீடா மாவட்ட நீதிமன்றத்தில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் மீதும் நுகர்வோர் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஏப்ரலில் நீதிபதி ரொனால்ட் சப்ரா தீர்ப்பளித்தார்: அந்த 1 சதவீதத்தைக் கார்டுதாரர்களுக்கு முறையாகத் தெரிவிக்காதது தவறு, இனி தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். திருப்ப வேண்டிய தொகை 80 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஆனால் 2004 நவம்பரில் கலிபோர்னிய மக்கள் வாக்கெடுப்பு ஒன்று, நேரடியாகப் பாதிக்கப்படாதவர் பொதுமக்கள் சார்பில் இப்படி வழக்குப் போடும் உரிமையை நீக்கியது. அதைக் காட்டி மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது.

நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் பாலி முன்னிலையில் நடந்த வேறொரு வழக்குத் தொகுதி அப்படிக் கலைந்துவிடவில்லை. அங்கே குற்றச்சாட்டு, கட்டணத்தை மறைத்ததோடு நிறுவனங்களும் வங்கிகளும் கூடிப் பேசி அதை நிர்ணயித்தன என்பதுவரை போயிற்று. 2006இல் பிரதிவாதிகள் தவறை ஒப்புக்கொள்ளாமலே 33 கோடியே 60 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டார்கள். 1996 பிப்ரவரி முதல் 2006 நவம்பர் வரை வெளிநாட்டில் அமெரிக்கக் கார்டைத் தேய்த்தவர்கள் எல்லோரும் பங்கு கேட்கலாம். விண்ணப்பப் படிவத்தில் மூன்று வழிகள்: கேள்வி இல்லாமல் ஒரே தொகையாக 25 டாலர், வெளிநாட்டில் கழித்த நாள்களைச் சொல்லி மதிப்பீடு கேட்பது, ஆண்டுவாரியாகச் செலவை விவரித்துக் கேட்பது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். கேட்டவர் தொகை பெருகியதால் ஆளுக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு; அதுவும் மேல்முறையீடுகள் முடிந்து பல ஆண்டு கழித்து. பணத்தைவிடப் பெரிய பலன் ஸ்டேட்மென்ட்டில் தெரிந்தது. கட்டணம் விலைக்குள்ளிருந்து வெளியே வந்து தனி வரியானது. 2010இல் அமெரிக்க விதிமுறை, கார்டு விளம்பரத்தின் கட்டண அட்டவணையிலேயே வெளிநாட்டுக் கட்டணத்தைக் காட்டும்படி செய்தது. தெரிந்துவிட்ட கட்டணத்தில் போட்டி வரும். அடுத்த சில ஆண்டுகளில் பயணிகளைக் குறிவைத்த அமெரிக்கக் கார்டுகள் பல அந்த 3 சதவீதத்தை அடியோடு விட்டன.

கட்டணம் ஒரு வாசலில் வெளியேறிய காலத்தில் இன்னொரு வாசலில் நுழைந்தது. 1996 வாக்கில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது; அதை வியாபாரமாக வளர்த்தவற்றுள் அயர்லாந்து நிறுவனங்கள் முன்னணியில் இருந்தன. வெளிநாட்டுக் கடையில் கார்டு மெஷினே வந்தவரின் நாட்டு நாணயத்தில் பில் போட்டுக் கொடுக்கும். ஐரோப்பிய உணவகத்தில் பரிசாரகர் நீட்டும் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் எரியும். ஒன்று யூரோவில், ஒன்று ரூபாயில். பழகிய நாணயத்தைக் கண்டதும் விரல் தானாக ரூபாயை அழுத்தும். அப்படி அழுத்தினால் மாற்று விலையைச் சொல்வது கார்டு நிறுவனம் அன்று. கடைக்காரரின் வங்கியும் அதற்கு இந்த வசதியைச் செய்து கொடுத்த இடைத்தரகரும்தான். அவர்கள் வைக்கும் கழிவு வழக்கமாக 3 முதல் 7 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கும் மேல். அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் போகிறது. எனவே ‘உங்கள் நாட்டுக் காசிலேயே போடட்டுமா?’ என்ற உபசாரம். ரூபாயில் போட்டதால் இந்திய வங்கியின் மார்க்கப் தப்பியது என்றும் சொல்ல முடியாது. கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால் பல வங்கிகள் அதற்கும் 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் போடுகின்றன. பயணத்தில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டிய ஒரே விதி, அந்தத் திரையில் உள்ளூர் நாணயத்தை அழுத்துவது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் இரண்டு முறை தலையிட்டது. 2002 ஜனவரியில் யூரோ தாள் கைக்கு வந்தபோதும், பிரெஞ்சுக்காரர் இத்தாலி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் தனிக் கட்டணம் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், யூரோவில் செய்யும் கார்டுச் செலவுக்கு உள்நாடு வெளிநாடு என்ற வேறுபாடு கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கார்டு மெஷினில் சொல்லும் மாற்று விலையின் கழிவை, ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் குறிப்பு விலையோடு ஒப்பிட்டுச் சதவீதமாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் அமலானது. யூரோ பகுதிக்குள் ஒரே நாணயம் வந்ததும், 1835இல் சென்னைப் பயணிக்குக் கிடைத்த அதே விடுதலை அங்கேயும் கிடைத்தது.

இந்தியாவில் கதை வேறு தடத்தில் ஓடியது. இங்கே முதல் கேள்வி, வெளிநாட்டில் எவ்வளவு செலவழிக்க அனுமதி உண்டு என்பது. 1960களிலும் 70களிலும் மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பிய மாணவர்கள் பலர் 8 டாலரோடு விமானம் ஏறியதை இன்றும் சொல்வார்கள். 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு ஒரு டாலர் 7.50 ரூபாய் ஆன பிறகு அந்த 8 டாலர் 60 ரூபாய்க்குச் சமம். 1973இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் மீறலைக் குற்றமாகவே நடத்தியது. டாலரோ பயணிகள் காசோலையோ வாங்கியதை வங்கி கடவுச்சீட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி முத்திரை குத்தும். 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவும், அடுத்த ஆண்டு ஆந்திரா வங்கியும் கிரெடிட் கார்டு கொடுத்தன. பிறகு வந்த கார்டுகளிலும் பலவற்றின் மேல் இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும் என்றே அச்சிட்டிருந்தது. விசாவின் பறவையும் மாஸ்டர்கார்டின் இரு வட்டங்களும் கார்டில் மின்னினாலும், எல்லை தாண்டினால் அது வெறும் பிளாஸ்டிக்.

1991 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்றத்தக்கது ஆனது. பழைய சட்டத்தின் இடத்தில் 2000 ஜூனில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது; குற்றம் என்ற பார்வை போய் மேலாண்மை என்ற பார்வை. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வரம்பு 2007இல் இரண்டு லட்சம் டாலராக உயர்ந்தது. ரூபாய் சரிந்த 2013 ஆகஸ்டில் 75,000க்கு இறங்கியது. 2015இல் இரண்டரை லட்சமாகி இன்றுவரை அங்கேயே நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவு மட்டும் இந்த வரம்புக்குள் வராது என்று 2000ஆம் ஆண்டு விதி விலக்களித்திருந்தது.

அந்த விலக்கை 2023 மே 16 அன்று மத்திய அரசு நீக்கியது. வரம்புக்குள் வந்துவிட்டால், வெளியே அனுப்பும் பணத்துக்கு முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் கார்டுச் செலவைத் தொடரும். அந்த ஆண்டு பட்ஜெட் அதை 5 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்த முடிவு செய்திருந்தது. வெளியூரில் ஓட்டல் பில் கட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கை அரசிடம் முன்பணமாக வைக்க வேண்டுமா என்ற குரல் எழுந்தது. மூன்றே நாளில் 7 லட்சம் ரூபாய் வரை தொந்தரவில்லை என்ற விளக்கம் வந்தது. ஜூன் 28 அன்று கார்டுச் செலவைச் சேர்க்கும் முடிவே ஒத்திவைக்கப்பட்டது. மற்ற வழியில் அனுப்பும் பணத்துக்கு 20 சதவீதம் அந்த அக்டோபர் முதல் அமலானது. கல்வி, மருத்துவச் செலவுகளுக்கு வேறு அளவு. வரி பிடிக்காத வரம்பு 2025 ஏப்ரலில் 10 லட்சமானது. இப்படிப் பிடிக்கும் பணம் வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும் என்பதால் இதைக் கட்டணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மார்க்கப்பும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போனால் போனதுதான். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால்கூட, திரும்பும் பணம் அன்றைய விலைக்கு மாறி வரும். பிடித்த மார்க்கப் பெரும்பாலும் வராது.

இந்திய வங்கிகளும் சில ஆண்டுகளாக 3.5ஐ விட்டு இறங்கி வருகின்றன. 2 சதவீதக் கார்டுகள் இப்போது அரிதல்ல. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன. கிளம்பும் முன்பே டாலரோ யூரோவோ நிரப்பிக்கொண்டு போகும் ப்ரீபெய்டு கார்டு, பழைய பயணிகள் காசோலையின் வாரிசு. நிரப்பிய நாணயம் அல்லாத வேறொன்றில் செலவழித்தால் அதிலும் தனிக் கழிவு விழும்.

வங்கிக்கும் கடைக்கும் நடுவில் விசா, மாஸ்டர்கார்டு இல்லாமலே எல்லை தாண்டும் வழிகளும் வந்துவிட்டன. 2018இல் இந்தியாவின் ரூபே கார்டு சிங்கப்பூரில் அறிமுகமானது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ் என்ற பணப்பரிமாற்ற அமைப்பும் இணைந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் தன் கைபேசியிலிருந்தே ஊரில் உள்ளவர் கணக்கில் பணம் போடலாம். மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் தவணை சொல்லி வாங்கிய உண்டியல் செய்த வேலை இப்போது சில நொடியில் முடிகிறது. 2024 பிப்ரவரியில் ஈபில் கோபுரத்தின் நுழைவுச்சீட்டுக்கும், அதே மாதம் 12ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் உள்ள கடைகளுக்கும் யுபிஐ சேவை வந்தது. கொழும்புக் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தால் இலங்கை ரூபாய்த் தொகையும், அதற்கு ஈடான இந்திய ரூபாய்த் தொகையும் திரையில் வரும். ரகசிய எண்ணை அழுத்துவது அதற்குப் பிறகுதான்.